தொட்டியக்காவும் பிஸ்கட் தண்ணீரும்

அந்தப் பெரிய கம்பெனியின் வரவேற்பறைச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். வட்டமான தொட்டி, அதில் பழுப்பு நுரை, பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே, 'எங்கள் கண்டுபிடிப்பு, நாளைய தண்ணீர்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஆள் அந்தத் தொட்டியில் ஒரு நாள்கூட விரலை விட்டதில்லை. படத்தின் இடது ஓரத்தில், தொட்டி விளிம்பின்மேல் ஒரு கை மட்டும் தெரியும். மணிக்கட்டோடு நறுக்கிவிட்டார்கள். அது தொட்டியக்காவின் கை.

ஒன்பது வருஷமாக இது எனக்கு வயிற்றெரிச்சல். டேங்கர் லாரி ஓட்டுகிறவனுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். படம் எடுத்த அன்றைக்கு நானும் அங்கேதான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை ஓரமாகப் போகச் சொன்னார்கள், போனேன். அக்காவையும்தான் சொன்னார்கள். நுரை பொங்குகிற நேரம், கையை எடுக்க முடியாது என்று அவள் நகரவில்லை. அதனால் கை மட்டும் படத்தில் விழுந்துவிட்டது.

அக்கா இப்போது தன் தங்கை ஊருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறாளாம். யாரும் அவளைப் பற்றி எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஆறு சாயப் பட்டறைகள், ஒரே வாய்க்கால். வாய்க்காலைப் பார்த்தே எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் நீலம், ஒரு நாள் ரத்தச் சிவப்பு. அக்காவின் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் அந்த வாய்க்கால் போகிறது. அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுவேன், ஒரு பட்டறையில் துணி வெளுக்கிற இடத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். வெளுக்கிற மருந்தின் ஆவி நெஞ்சைத் தின்றுவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு விசில் அடிக்கும். "எனக்கு ரேடியோ எதுக்கு, உள்ளயே பாடுது" என்பார். பின்ஜன்னலைத் திறந்தால் அவருக்கு இருமல் நிற்காது. அதனால் அந்த ஜன்னலில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.

பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஒன்பது பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று வந்தது. முதலாளி கெமிஸ்ட்ரி படித்தவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், எல்லாரும் கண்ணாடி என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் சாயத் தண்ணீரில் சுண்ணாம்பையும் மருந்தையும் கொட்டி, மலை மாதிரி விஷச் சேறு சேர்த்துக்கொண்டிருந்தபோது, இவர் சாயத்தைத் தின்கிற கிருமிகளைக் கண்டுபிடித்து ஒரு தொட்டியில் வளர்த்தார். தொட்டியில் இருப்பது பார்வைக்குப் பழுப்புச் சேறுதான். கொட்டகையில் எல்லாரும் அதற்கு 'உசிரு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அடியிலிருந்து இரவும் பகலும் காற்று குமிழ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை போட வேண்டும். அவ்வளவுதான் அதன் தேவை.

அக்கா அங்கே பெருக்கித் துடைக்க வந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டது. தொட்டியிலிருந்து வந்த நாற்றத்தை வைத்தே ஏதோ கோளாறு என்று புரிந்துகொண்டு, உள்ளே இறங்கி, துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் கண்ணாடி வந்து பார்த்தபோது இடுப்பு வரை சேற்றோடு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து தொட்டி அவளுடையது. ஆனால் சம்பளப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகத் 'துப்புரவு' என்று போட்டிருந்ததை மட்டும் யாரும் மாற்றவில்லை. அப்போது அது பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை.

மீட்டரைப் பார்க்க மாட்டாள். ஒரு கரண்டி அள்ளி மூக்கருகே கொண்டுபோவாள். மழை ஓய்ந்த மண் மாதிரி வாசனை வந்தால் உசிரு நன்றாக இருக்கிறது. புளித்த வாசனை வந்தால் சாப்பாடு கூடிப்போய்விட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மூச்சு முட்டுகிறது. அவளுக்கு இது மூன்றும் போதும்.

நான் உள்ளே வந்தது டயர் பஞ்சரானதால்தான். பிஸ்கட் பாக்டரியில் மாவு பிசைகிற அண்டாக்களைக் கழுவிய தண்ணீரை டேங்கரில் ஏற்றி, டவுனுக்கு வெளியே கொண்டுபோய் விடுவது என் வேலை. அன்றைக்கு அந்தக் கொட்டகை வாசலில் டயர் போய் வண்டி நின்றது. பின்வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வந்தவள் விரலை நீட்டி அதை மோந்து பார்த்தாள்.

"என்னப்பா ஏத்திட்டு வர்ற?"

"கழிவுத் தண்ணி. பிஸ்கட் கம்பெனியில அண்டா கழுவினது."

"சொட்டுதே. ரெண்டு வாளி பிடிச்சுக்கறேன்."

"குடிக்கவா?"

"எனக்கில்ல. உள்ள ஒரு பெரிய குடும்பம் இருக்கு. தினமும் ஒரே சாப்பாடு, நாக்கு செத்துப்போய்க் கிடக்கு."

எனக்கு மரை கழன்ற கேஸ் என்றுதான் தோன்றியது. ஆனாலும் மறுநாளும் அவள் வாளியோடு நின்றாள். அப்புறம் நானே நிறுத்தி ஹோஸ் போட்டுவிட ஆரம்பித்தேன். அதுவரை தொட்டியைத் தாண்டி வருகிற தண்ணீர் இளம் டீ நிறத்தில் இருக்கும், அதற்குமேல் தெளியாது. பிஸ்கட் தண்ணீர் போட ஆரம்பித்த மூன்றாவது வாரம், கண்ணாடி ஒரு கிளாஸில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் நிற்கிற என் மூஞ்சி அவருக்குத் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "வெளிய சொல்லிடாதீங்கக்கா. காப்புரிமைப் பேப்பர்ல பிஸ்கட் அண்டா கழுவின தண்ணின்னு எழுதினா எவன் மதிப்பான்?" என்றார். பேப்பரில் பழையபடி சுத்தமான சர்க்கரை, லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் எழுதினார். பிஸ்கட் தண்ணீர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அது அக்காவின் மண்டையிலும் என் டேங்கரிலும் மட்டும் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் இது. நான் உட்பட.

ஆறில் நாலு பட்டறைகள் குழாயை எங்கள் பக்கம் திருப்பிவிட்டன. வாய்க்கால் பெருமளவு தெளிந்தது. மாமா ஒரு நாள் சுத்தியலை எடுத்து ஜன்னல் ஆணியைப் பிடுங்கினார். மூன்றரை வருஷம் அந்த ஜன்னல் திறந்திருந்தது.

அப்புறம் கண்ணாடி கம்பெனியை விற்றார். வாங்கியது பட்டறைகளுக்கெல்லாம் சுத்திகரிப்பு மருந்து விற்கிற பெரிய கம்பெனி. அந்த வருஷம் மட்டும் இதே மாதிரி நாலு சின்னக் கம்பெனிகளை வாங்கியதாம். நான் கண்ணாடியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "நம்மால நாலு பட்டறைதான் முடியுது. அவங்களுக்கு ஊர் ஊரா பிளான்ட் இருக்கு. நானூறு பட்டறைக்குப் போகும்" என்றார். அவர் நம்பித்தான் சொன்னார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

படத்தில் சிரிக்கிற அந்தக் கோட்டுக்காரர் பட்டியலோடு வந்தார், படமும் அன்றைக்குத்தான் எடுத்தார்கள். காப்புரிமை, மிஷின், நோட்டுகள், முக்கியமான டெக்னிகல் ஆட்கள் மூன்று பேர், அதில் கண்ணாடியும் ஒருவர். துப்புரவு வேலைக்கு அவர்களிடம் வேறு காண்டிராக்ட் இருந்தது. வெள்ளிக்கிழமையோடு அக்காவுக்கு வேலை இல்லை. இங்கே இருக்கிற தொட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு, அவர்களுடைய பிளான்டில் புதிதாக வளர்ப்பார்களாம்.

"நிறுத்தி வைக்கறதுன்னா எப்படிங்க?" என்று அக்கா கேட்டாள்.

"காற்று, மின்சாரம் எல்லாத்தையும் நிறுத்திடுவோம். தேவைப்படறப்ப திரும்ப ஆரம்பிக்கலாம்."

"நீங்க ஒரு அரை நாள் மூச்சை நிறுத்தி வெச்சுப் பாருங்க. அப்புறம் ஆரம்பிக்கலாம்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் யார், என்ன தெரிந்தவள் என்று ஒரு வார்த்தை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொட்டகையைப் பூட்டிய பிறகு பன்னிரண்டு நாள் மின்சாரம் இருந்தது. வாட்ச்மேன் ஒரு தூங்குமூஞ்சி, அக்காவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வான். "நான் தூங்கறேன், நீங்க எழுப்பாம போய்ட்டு வாங்க" என்பான். நான் பிஸ்கட் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். பதின்மூன்றாம் நாள் இணைப்பைத் துண்டித்தார்கள். அன்று மத்தியானமே நாங்கள் மூன்று நீல டிரம்களில் உசிரை அள்ளி அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மீன் தொட்டிக்குப் போடுகிற குட்டிப் பம்பு மூன்று வாங்கி மாட்டினாள்.

"மூணு மாப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துட்டா" என்றார் மாமா. "ஒருத்தனும் குளிக்கற ஜாதி மாதிரி தெரியல."

இரண்டு மாதத்தில் ஒரு டிரம் உசிரு செத்துவிட்டது. அஞ்சாவது மாதம் இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் நாற்றம் என்று சண்டைக்கு வந்தார்கள். ஒருத்தி சுவருக்கு மேலாக அவள் காதில் விழும்படியே, "சாக்கடையை வீட்டுக்குள்ள கட்டி வெச்சிருக்கா" என்று பேசினாள். நாலு பட்டறைகளின் குழாய்களும் பழையபடி வாய்க்காலுக்குப் போய்விட்டன. வாய்க்காலில் மறுபடி சிவப்பு. மாமா மறுபடி ஆணி அடித்தார், இந்தத் தடவை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து அடித்தார்.

நீலச் சாயம் போடுகிற பட்டறைக்காரர் நல்ல மனுஷன். "என் கொல்லையில இடம் இருக்கு. டிரம்மைக் கொண்டு வா, தொட்டி கட்டித் தர்றேன்" என்றார். அக்காவுக்குக் காலில் சக்கரம் கட்டின மாதிரி ஆகிவிட்டது. ஆனால் முறையாகக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று அவளே சொன்னாள். அதுதான் கெடுத்தது. நானும் அவளும் பெரிய கம்பெனிக்குப் போனோம். அங்கேதான் அந்தப் படத்தையும் முதலில் பார்த்தோம். அக்கா படத்தில் இருந்த தன் கையைப் பார்த்தாள்.

கோட்டுக்காரர் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். காபி கொடுத்தார்.

"அம்மா, உங்க அக்கறை புரியுது. ஆனா இந்த முறைக்கான உரிமை எங்ககிட்ட இருக்கு. வேற யாரும் இதை நடத்த முடியாது. சட்டப்படி பாத்தா, உங்க டிரம்ல இருக்கறதும் எங்க சொத்துதான்."

"அப்போ நீங்க நடத்துங்க. நான் ஓரமா நின்னு சொல்லித் தர்றேன். சம்பளம்கூட வேணாம்."

"சோதனை நடந்துட்டு இருக்கு. முடிவு வரட்டும்."

நீலச்சாயக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். "கோர்ட்டு கேஸுன்னா நான் தாங்க மாட்டேன்மா. மருந்தும் அவங்ககிட்டதான் வாங்கறேன்" என்று கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா, "டிரம் அவங்க சொத்துன்னா நாத்தத்தையும் அவங்களே வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

அவர்களுடைய பிளான்டில் சோதனை எப்படிப் போனது என்பது கண்ணாடி போனில் பேசியபோதுதான் தெரிந்தது. பேப்பரில் இருந்தபடி சர்க்கரையைக் கிராம் சுத்தமாக நிறுத்துப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் டீ நிறத்தைத் தாண்டவில்லை. மூன்று தடவை வளர்த்து மூன்று தடவையும் செத்துவிட்டது. பிஸ்கட் தண்ணீர் விஷயத்தை அவர் தயங்கித் தயங்கி ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். பேப்பரில் இல்லாததை எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டாராம். அவர்கள் வாங்கிய மற்ற கம்பெனிக்காரர்களும் அங்கே இருந்தார்கள், அவரவருக்கு அவரவர் மிஷின் ஜெயிக்க வேண்டும்.

"என் பேர் போட்ட ரூம் இருக்குக்கா" என்றார். "தொட்டிதான் இல்ல. வாரம் பூரா கூட்டம். வருஷ முடிவுல எத்தனை காப்புரிமை கையில இருக்குன்னுதான் எண்ணறாங்க. எத்தனை தொட்டி ஓடுதுன்னு யாரும் கேக்கல."

ஆனாலும் அந்த மனுஷன் விடவில்லை. சண்டை போட்டுக் கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினார். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா டிரம்மோடு பிளான்டுக்கு வரலாம். உசிரோடு வந்தால் அவள் சொல்கிறபடி, பிஸ்கட் தண்ணீர் போட்டு வளர்த்துப் பார்ப்பார்கள். மாசக் கடைசியில் இந்த வேலையை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "ஒரு டிரம்மை உசிரோட கொண்டு வந்துடுங்க, போதும். இப்போ இருக்கற நிலைமையில அரை நாள் காத்து இல்லேன்னாலும் போயிடும், பாத்துக்கோங்க" என்றார்.

இடையில் இருந்தது புதன்கிழமை ஒரு நாள்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தத் தெரு முழுக்க மின்சாரம் போனது. கம்பி மாற்றுகிறார்களாம். ஒன்பது மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் முதல் நடைக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கரண்ட் போச்சு. உன் வண்டியில காத்து பம்பு இருக்குல்ல, இன்ஜின்ல ஓடுறது. ஒரு நடை வந்துட்டுப் போ."

"மத்தியானத்துக்குள்ள வந்துரும்கா. இன்னிக்கு மூணு நடை இருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்."

"வந்துருமா?"

"கம்பி மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ சும்மா பயப்படாத."

இதைச் சொன்ன வாய் இது. போனை வைத்துவிட்டு வால்வைத் திறந்தேன். இரண்டாவது நடையில் ஒரு தடவை போன் அடித்தது, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது நடை போகாமல் திரும்பியிருக்கலாம். மேஸ்திரி கத்துவான், அவ்வளவுதான். கத்தினால் என்ன, கத்தாத நாள் உண்டா. ஆனாலும் போனேன்.

அங்கே நடந்ததை மாமா பிறகு சொன்னார். முதலில் அக்கா துடுப்பு மாதிரி ஒரு பலகையை வைத்துக் கலக்கியிருக்கிறாள். பத்து மணிக்குப் பக்கத்து வீடுகளில் பேட்டரி கேட்டுப் போயிருக்கிறாள். நாற்றத்துக்காகச் சண்டை போட்டவர்கள்தானே, கதவே திறக்கவில்லை. ஒரே ஒரு வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைக் கொடுத்தார்கள். அதன் குழாயை டிரம்மின் அடியில் விட்டு அடிக்க ஆரம்பித்தாள். நூறு அடித்தால் கொஞ்ச நேரம் குமிழ் வரும். நிறுத்தினால் நின்றுவிடும். மூன்று மணி நேரம் அடித்தபின் அவள் கை தூக்க முடியாமல் தொங்கியபோது, மாமா எழுந்து வந்து பம்பை வாங்கியிருக்கிறார். அவள் தடுத்திருக்கிறாள்.

"உங்க நெஞ்சுக்கு இது ஆகாது. போய்ப் படுங்க."

"என் நெஞ்சுல காத்து வராதுன்னா, பம்புலயாவது வரட்டும். தள்ளு."

இருபது அடித்திருக்கிறார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கட்டிலில் போட்டுவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டே ஒரு கையால் டிரம்மையும் கலக்கியிருக்கிறாள். இப்படியே சாயங்காலம் வரை.

நான் போனபோது அஞ்சரை இருக்கும். அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். இறங்கியதுமே அழுகிய முட்டை நாற்றம் எனக்கு மூக்கில் அடித்தது. வீட்டுக்குள் போகத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் போனேன்.

குட்டிப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மில் குமிழ் வரிசையாக வந்தது. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், விசில் சத்தம் வாசல் வரை கேட்டது. அக்கா கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து கிடந்தது. நான் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்கூடக் கொஞ்சம் கத்தியிருப்பேன், எனக்கும் மனசு ஆறியிருக்கும்.

"அடியில தேங்கின நாத்தம் முதல்ல வரும்" என்றாள், என்னைப் பார்க்காமல். "காத்து ஓடினா கலைஞ்சு போயிடும். முன்னாடி ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. போயிடும்ல?"



எழுந்து, டிரம்முக்குள் கரண்டியை விட்டு அள்ளினாள். உரிந்த கையில் பிடி நிற்காமல் பாதி சிந்தியது. மீதியை என் பக்கம் நீட்டினாள். அன்றைக்கு அவள் கேட்டதுதான் கடைசி. அதற்கப்புறம் என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

"காலையில இருந்து இதுலயே கிடந்து என் மூக்கு மரத்துப்போச்சு. இனி என்னால இதை நம்ப முடியாது. நீ வெளிய இருந்து வந்தவன், நல்லா மோந்து பாத்துச் சொல்லு. கண்ணாடிக்கு நான் போன் பண்ணணும். எனக்காகச் சொல்லாத. இருக்கறதச் சொல்லு."